வெளிப்பக்கத் தாழ்ப்பாள்

ரசமட்டத்தை மெத்தையின் நடுவில் வைத்துவிட்டு, அதற்குள் இருக்கும் குமிழி அசையாமல் நிற்கும்வரை வுப்போ மூச்சு விடமாட்டார். மெத்தையில் ரசமட்டம் எப்படி நிற்கும் என்று கேட்டால் சிரிப்பார். "நிக்காதுதான். ஆனா அந்தப் பொண்ணு பாத்துட்டிருக்கில்ல? யாரோ ஒருத்தன் தனக்காக இவ்வளவு மெனக்கெடறான்னு அதுக்கொரு நிம்மதி." பிறகு அறை மூலையில் இடுப்பில் கைவைத்து நிற்கும் கர்ப்பிணியைப் பார்த்து மெத்தையை இரண்டு முறை தட்டுவார். "வாங்க மகாராணி, சிம்மாசனத்துல ஏறிப் பாருங்க." அவள் ஏறி உட்காருவாள். கால்கள் தரையைத் தொடாமல் தொங்கும். அப்படித் தொங்கினால்தான் உயரம் சரி.

கட்டில் கால்களுக்கு அடியில் கட்டை வைப்பது வுப்போவின் தொழில். எட்டாம் மாதம் பிறந்ததும் கட்டில் இடுப்பு உயரத்துக்கு எழும்பிவிட வேண்டும். இல்லாவிட்டால், வீட்டுக்கு வந்து தாயையும் சேயையும் கவனிக்கும் பணிப்பெண் குனிய மாட்டேன் என்று சொல்லிவிடுவாள். அவள் முதுகைக் காக்க விதி இருக்கிறது. வின்ஸ்கோட்டன் ஊரில் ஊன்றுகோல், சக்கர நாற்காலி, நோயாளிக் கட்டில் என்று வாடகைக்குத் தருகிற கடையொன்றின் சாம்பல் நிற வேனில் அவர் கிளம்புவார். பின்னால் கறுப்புப் பிளாஸ்டிக் கட்டைகள் உருளும். இரட்டைக் கட்டிலுக்கு ஆறு. ஒவ்வொன்றும் கவிழ்த்த வாளி மாதிரி, அடிப்பக்கம் திறந்து, உள்ளே வெற்றிடம். வயது ஐம்பத்தெட்டு. முப்பத்தோரு வருடமாக, பட்டப்பகலில், தெரியாதவர்களின் படுக்கையறைக்குள் போய்விட்டு வருகிற மனிதர்.

"டாக்டருக்கு வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு தெரியும். எனக்குக் கட்டிலுக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியும்" என்பார். ஒற்றைக் காலுறைகள், பாதி தின்ற சாக்லேட், பிரிக்காத அரசாங்கக் கடிதங்கள், ஒருமுறை உயிருள்ள ஆமை. எதையும் வெளியில் சொன்னதில்லை. தூசியை மட்டும் அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார். "ஏம்மா, இங்க ஒரு ஆட்டையே மறைச்சு வளக்கலாம் போலிருக்கே!"

சொல்லிவிடுவது அவருடைய சுபாவம் மட்டுமல்ல, ஊருடைய சுபாவமும்தான். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவன் யோக்கியன். முதுகுக்குப் பின்னால் முணுமுணுக்கிறவன் ஆகாதவன். தெருவைப் பார்த்த பெரிய சன்னல்களுக்குத் திரை இழுக்காமல் வாழ்கிறவர்கள் அவர்கள். போகிறவன் வருகிறவன் பார்த்துக்கொள்ளட்டும், நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது? வுப்போகூட மணியடிப்பதற்கு முன்னால் சன்னல் வழியாகக் கையசைத்துவிடுவார். விளிம்பில் ஒரே மாதிரி இரண்டு பூந்தொட்டிகள், பின்னால் சோபா, அதற்கும் பின்னால் தோட்டத்து வெளிச்சம். ஒவ்வொரு வீட்டின் கூடமும் ஊருக்கே தெரியும். மாடி அறையைப் பார்ப்பது அவர் ஒருவர்தான்.

கடையில் தொலைபேசி எடுக்கிற ரூலிக்கு அவருடைய வயதுதான். "உன் வாய்க்கு ஒரு பிரேக் வாங்கி மாட்டணும்யா" என்பாள்.

"உன்கிட்ட இருக்கிற பிரேக்கே போதும். மூணு போன் வந்தா ஒண்ணைத்தான் எடுக்கற."

குழந்தை பிறந்த பிறகு கட்டைகளைத் திரும்ப எடுக்கப் போகும்போது, மொறுமொறு ரொட்டியில் வெண்ணெய் தடவி, சர்க்கரை பூசிய சோம்பைத் தூவித் தருவார்கள். பெண்ணென்றால் இளஞ்சிவப்பு, ஆணென்றால் நீலம். வுப்போ ஒரே கடியாகக் கடிப்பார். சோம்பு சட்டைக்குள் உதிரும். அவருடைய பையில் எப்போதும் இரண்டு மூன்று நிறம் போன சோம்பு உருளும். சாவி தேடும்போது எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்.

மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் யோரின்டேயின் வீட்டுக்குப் போனார். யோரின்டேவுக்கு இருபத்திரண்டு வயது. கதவைத் திறந்தது அவள் கணவன் மார்னிக்ஸ். முப்பதைத் தொட்டவன், சிரித்த முகம், ஆறு கட்டைகளில் மூன்றை அவனே வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். "கிடங்குல வேலை பாத்தேன் அண்ணே. போன மாசம் அனுப்பிட்டாங்க. ஒரு விதத்துல நல்லதாப் போச்சு. இவளைக் கூடவே இருந்து பாத்துக்கலாம்."

வுப்போவுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. மாடியில் யோரின்டே சுவரோரம் நின்றாள். எந்தப் பக்கம் படுப்பீர்கள் என்று அவளைக் கேட்டார். "இடது பக்கம்" என்றான் மார்னிக்ஸ். எத்தனையாவது வாரம்? "முப்பத்துமூணு" என்றான். அவன் சட்டைப்பையில் ஒரு கைப்பேசி ஒலித்தது. ஊதாப் பூப்போட்ட உறை. எடுத்துப் பார்த்தான். "உன் அக்கா. அப்புறம் பேசிக்கலாம்" என்று அணைத்துத் திரும்பப் பைக்குள் வைத்தான். அவள் கையைக்கூட நீட்டவில்லை.

"முதல் குழந்தையா?" என்றார் வுப்போ, எல்லா வீட்டிலும் கேட்பது போல.

"திட்டம் போட்டதெல்லாம் இல்ல அண்ணே. எப்படி வந்துச்சுன்னு எனக்கே தெரியல. இவளைத்தான் கேக்கணும்" என்று மார்னிக்ஸ் சிரித்தான். வுப்போவும் சிரித்தார். யோரின்டே தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வரும்போதுதான் அதைக் கண்டார். படுக்கையறைக் கதவில், வராந்தாப் பக்கம், புத்தம் புதிய தாழ்ப்பாள். திருகாணிகள் இன்னும் பளபளத்தன. கீழே மரத்தூள்கூடக் கூட்டப்படவில்லை.

"தம்பி, தாழ்ப்பாளை என்ன வெளிப்பக்கமாப் போட்டிருக்கீங்க?"

"நாய்க்குத்தான் அண்ணே. மெத்தையில ஏறிடுது."

சரி என்று இறங்கி வந்துவிட்டார். வேனில் சாவி திருகும்போது கை நின்றது. வீட்டில் குரைப்புச் சத்தமே இல்லை. சோபாவில் முடி இல்லை. சமையலறையில் தண்ணீர்க் கிண்ணம் இல்லை. இன்னொருவராயிருந்தால் யோசித்துக்கொண்டே வண்டியை எடுத்திருப்பார். வுப்போ யோக்கியர். இறங்கினார், மறுபடி மணியடித்தார், மார்னிக்ஸின் கண்ணைப் பார்த்துக் கேட்டார்: "தம்பி, உங்க வீட்டுல நாயே இல்லையே?"

மார்னிக்ஸ் சிரிப்பை நிறுத்தவில்லை. அது மட்டும் முகத்தில் கொஞ்ச நேரம் அப்படியே மாட்டிக்கொண்டிருந்தது. "அம்மா வீட்டுல விட்டிருக்கு அண்ணே" என்றான். பின்னால் படிக்கட்டின் மேல்முனையில் யோரின்டேயின் காலிரண்டு மட்டும் தெரிந்தது. அவை மெல்லப் பின்வாங்கின.

கடைக்கு வந்து ரூலியிடம் நடந்ததைச் சொன்னார். "நல்லாக் கேட்ட! மூஞ்சிக்கு நேரே கேட்டாத்தான் இவனுங்கல்லாம் அடங்குவானுங்க" என்றாள். வுப்போ மனப்பாரம் இறங்கியவராக ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றார். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று.

வியாழக்கிழமை ரூலி பதிவுத் தாளைத் திருத்திக்கொண்டிருந்தாள். "அந்த நாய் வீடு இருக்குல்ல? வீட்டுல பிரசவம் இல்லையாம். ஆஸ்பத்திரியிலேயே பிறந்திருச்சு, ஏழு வாரம் முன்னாடியே. மாடிப்படியில விழுந்துட்டாளாம்." பேனா நின்றது. அவள் வுப்போவைப் பார்க்கவில்லை. வுப்போவும் அவளைப் பார்க்கவில்லை. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு புதன் என்று அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார், ஏதோ அதற்குள் இன்னும் சில நாட்கள் ஒளிந்திருக்கக்கூடும் என்பது போல.

அடுத்த மாதம், பேறுகால வீடுகளுக்குப் போகும் எல்லோரையும் ஒரு மதிய வகுப்புக்கு வரச் சொன்னார்கள். நரைத்த பின்னல் போட்ட ஒரு மருத்துவச்சி பேசினாள். கர்ப்பிணி மேல் கைநீட்டுகிற வீடுகளைப் பற்றி. யாருக்கு ஆபத்து அதிகம் என்பதை, பருவமழை எங்கே பெய்யும் என்று சொல்வது போல நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனாள். முன்பே அடிபட்டவளுக்கு. வயது குறைந்தவளுக்கு. எதிர்பாராமல் வந்த கர்ப்பம். அது தன்னுடையதுதானா என்று அவன் வேடிக்கைபோலக் கேட்பது. வேலை போனது. அவள் தொலைபேசி அவன் கையில் இருப்பது. அக்கா தங்கை அண்டவிடாதது. அவளைக் கேட்டால் அவன் பதில் சொல்வது.

வுப்போவின் கையில் ரொட்டி இருந்தது. அவள் சொல்லச் சொல்ல, அவர் அந்த மாடி அறையில் ஒவ்வொரு மூலையாக நின்றுகொண்டிருந்தார். பூப்போட்ட உறை. இடது பக்கம். முப்பத்துமூன்று. தானும் சேர்ந்து சிரித்த அந்தச் சிரிப்பு. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார், ஆமையைப் பார்த்தது போலப் பார்த்திருக்கிறார்.

"சில வீட்டுல முதல் அடியே கர்ப்பத்துலதான் விழும்" என்றாள் மருத்துவச்சி. "வயித்தைத் தேடி விழறதும் உண்டு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க. சந்தேகம் வந்தா அவகிட்ட கேளுங்க, அவ தனியா இருக்கும்போது. ஒருபோதும் அவன்கிட்ட கேக்காதீங்க. நம்ம ஊர்ல இந்தத் தப்பைத்தான் நல்லவங்க பண்றாங்க. நேர்மையாக் கேட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போயிடுவீங்க. பதில் அவ உடம்புல எழுதப்படும்."

வகுப்பு முடிந்ததும் வுப்போ அவளிடம் போய் முகவரியைச் சொன்னார். எழுதிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கும் சந்தேகம் இருக்கிறது, யோரின்டே வாய் திறக்கவில்லை என்றாள். "அவளை மீறி எதுவும் செய்யாதீங்க" என்று சொல்லி, உதவி எண் அச்சிட்ட சிறிய அட்டை ஒன்றைக் கொடுத்தாள். வாசலில், கூட வந்திருந்த ரூலி, "நீ வேணும்னே பண்ணல வுப்போ" என்றாள். அவர், "அதான் ரூலி, அதான்" என்றார்.

குழந்தை ஐந்து வாரம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வீடு திரும்பியது. கட்டைகளை எடுத்துப்போகச் சொல்லி மார்னிக்ஸ் கடைக்குப் பேசினான். நானே போகிறேன் என்றார் வுப்போ.

மே மாத வெயில். திரை இல்லாத சன்னலின் ஓரமாகவே குழந்தையின் கூண்டுத் தொட்டிலைப் போட்டிருந்தார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துச் சிரிப்பதற்கு வாகாக. வாசலில் குட்டி நாயொன்று கட்டியிருந்தது.

"பாத்தீங்களா அண்ணே" என்றான் மார்னிக்ஸ். "நாய்."

வுப்போ அந்த நாயைப் பார்த்தார். தான் கேட்ட கேள்விக்குப் பதிலாக ஒருவன் கடைக்குப் போய், ஒரு நாயை வாங்கி, வாசலில் கட்டி வைத்திருக்கிறான். அது அவருடைய காலணியை நக்கியது.

"அன்னிக்கு ஏதோ வாய்க்கு வந்ததைக் கேட்டுட்டேன் தம்பி. மனசுல வச்சுக்காதீங்க" என்றார். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய்யாக அது இருக்கலாம். பழக்கமில்லாத உணவு போல நாக்கில் ஒட்டியது. மார்னிக்ஸுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ரொட்டியில் இளஞ்சிவப்புச் சோம்பு தூவி அவனே கொண்டுவந்து கொடுத்தான். பெண் குழந்தை, சில்கே என்று பெயர். வுப்போ ஒவ்வொரு சோம்பாக மென்று விழுங்கினார்.

மாடியில் யோரின்டே படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டு எலும்பு முறிந்து, வளைவாகக் கூடியிருந்தது. வுப்போ கட்டிலின் ஒரு முனையைத் தூக்கி முதல் கட்டையை உருவினார். இரண்டாவதில் முகம் சுளித்து இடுப்பைப் பிடித்தார்.

"முதுகு பிடிச்சிருச்சு தம்பி. வேன்ல, முன்சீட்டுக்கு அடியில, இடுப்புப் பட்டை ஒண்ணு கிடக்கும். அந்தக் கதவு இறுகும், ரெண்டு மூணு தடவை இழுங்க. என்னால ஏறி இறங்க முடியாது."

இது இரண்டாவது பொய். மார்னிக்ஸ் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினான். வுப்போ கதவருகே போய்க் காலடிச் சத்தம் தெருவுக்குப் போகும்வரை கேட்டார். தாழ்ப்பாள் அங்கேயே இருந்தது; திருகாணிகளின் பளபளப்புதான் போயிருந்தது. திரும்பி, பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினார்.

"அந்த நம்பர் எனக்கு மனப்பாடம்" என்றாள் யோரின்டே. அவள் குரலை அவர் கேட்பது அதுவே முதல் தடவை. கரகரப்பான, அவசரமான குரல். "ஏன் அவர்கிட்ட போய்க் கேட்டீங்க? நான் அங்கதானே நின்னுட்டிருந்தேன்? என்கிட்ட ஏன் கேக்கல?"

"மன்னிச்சிரும்மா. நான்..."

"அதுக்கெல்லாம் நேரம் இல்ல." குழந்தை அணையாடைப் பொட்டலத்துக்குள் கைவிட்டாள். கடவுச்சீட்டு, பிறப்புச் சான்று, வங்கி அட்டை, மூன்றையும் ஒரு சிறிய துவாலையில் சுற்றினாள். "இன்னிக்குக் காலைல அவர் குளிக்கும்போது எடுத்தது. நான் வெளிய போனா பையைக் கொட்டிப் பாப்பார். குழந்தை வண்டியோட மெத்தையைக்கூடத் தூக்கிப் பாப்பார். இந்த வீட்டுலேருந்து அவர் பாக்காம வெளிய போறது உங்க கட்டை மட்டும்தான்."

உருவி வைத்த கட்டையைத் தலைகீழாகத் திருப்பினாள். துவாலையை உள்ளே திணித்து, மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"நாளைக்குப் பத்து மணிக்குக் குழந்தை நல நிலையத்துல இவளுக்கு எடை பாக்கணும். பால் குடுக்கிற அறைக்குள்ள ஆம்பளைங்களை விடமாட்டாங்க. அங்க வீட்ஸ்கே அப்படின்னு ஒரு நர்ஸ் இருக்காங்க. போன வாரம் அவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன். பின்வாசல்ல வண்டி வரும், தங்க இடம் இருக்கு. இதை ஒன்பதரைக்குள்ள அவங்க கையில குடுத்துருங்க. வேற யார் கையிலயும் வேணாம்."

"இப்பவே என்கூட வாம்மா. வண்டி கீழதான் நிக்குது."

"குழந்தை கீழ அவர் பக்கத்துல இருக்கு." அவள் அவரை நேராகப் பார்த்தாள். "மறுபடியும் நீங்களா முடிவு பண்ணாதீங்க."

வுப்போ தலையாட்டிவிட்டு அட்டையைப் பைக்குள் திரும்ப வைத்தார். படிக்கட்டு கிரீச்சிட்டது. அவர் கட்டிலின் அடுத்த காலைத் தூக்கியபோது, மார்னிக்ஸ் பட்டையோடு உள்ளே வந்தான். "கதவு ஒண்ணும் இறுகலையே அண்ணே."

"சில நாள் இறுகும்."

"நீங்க நகருங்க, முதுகை வச்சுக்கிட்டு. நானே தூக்கறேன். கிடங்குல இதெல்லாம் விளையாட்டு."

சொன்ன பொய் திரும்பி வந்து அவர் கழுத்தில் உட்கார்ந்தது. தடுக்க ஒரு காரணமும் இல்லை. மார்னிக்ஸ் கட்டைகளைச் சேகரித்தான். துவாலை திணித்த கட்டையை வலது கையில் எடுத்தான், விளிம்பைத் தோளில் சாய்த்தான், விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினான். சத்தம் மற்றக் கட்டைகளைப் போல வரவில்லை. வுப்போவுக்குத்தான் அது தெரிந்ததோ என்னவோ. "நல்ல சரக்கு" என்றான் மார்னிக்ஸ். யோரின்டே தலையணை உறையை உதறிக் கொண்டிருந்தாள். உதறிக்கொண்டே இருந்தாள்.

செங்குத்தான படிகளில் அவன் முன்னால் இறங்க, வுப்போ பின்னால் இறங்கினார். தோளுக்குப் பின்னால் கட்டையின் திறந்த அடிப்பக்கம் அவர் முகத்துக்கு நேரே ஆடியது. உள்ளிருந்து துவாலையின் மஞ்சள் நுனி ஒன்று எட்டிப் பார்த்தது. நினைத்ததை நினைத்த மாத்திரத்தில் சொல்லிப் பழகிய வாய். அதன் பற்கள் ஒன்றையொன்று இறுகக் கடித்தன. இருமுவது போலக் குனிந்து ஒரு விரலால் அந்த நுனியை உள்ளே தள்ளினார். பதினான்கு படி. கூடத்தில் சில்கே விழித்துக்கொண்டு சன்னல் வெளிச்சத்தைப் பார்த்துக் கையை ஆட்டியது. எதிர்வீட்டுக்காரர் தெருவிலிருந்து இவர்களுக்குக் கையசைத்தார். மார்னிக்ஸ், கட்டைகளோடு, தலையை ஆட்டிச் சிரித்தான்.

ஆறையும் அவனே வேனின் பின்பக்கம் ஏற்றினான், கதவைச் சாத்தினான், கைகுலுக்கினான். "பாத்துப் போங்க அண்ணே. முதுகைக் கவனிச்சுக்கங்க."

வுப்போ தெருமுனை திரும்பினார். கால்வாய்ப் பாலம் தாண்டினார். கோதுமை வயல் தொடங்குகிற இடத்தில் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, பின்கதவைத் திறந்து, அந்த ஒரு கட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார். தனக்குப் பக்கத்து இருக்கையில் நிமிர்த்தி வைத்தார். பிறகு, அதன் குறுக்கே இருக்கைப் பட்டியை இழுத்து மாட்டி, இறுகியிருக்கிறதா என்று இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.